சிக்னல் முழுதாக இருக்கிறது, இணையம்தான் இல்லை: டிஷ் இணைப்பின் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தேடும் வழி

ஊருக்குள் ஃபைபர் வந்துவிட்டது. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்துக்கும் ரைஸ் மில்லுக்கும் வரவில்லை. அதனால் ஊரில் ஒரு மொட்டை மாடியில் ஒரு டிஷ், தோட்டத்து மோட்டார் அறைக் கூரையில் ஒரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி 5 கிகாஹெர்ட்ஸில் பேசிக்கொள்கின்றன. நன்றாக ஓடும் நாளில் இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது. ஓடாத நாளில் டிஷ் மாட்டிய கம்பத்தின் (போல்) மேல் ஏறுவதா, சேவை நிறுவனத்துக்கு போன் போடுவதா என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும். இந்தக் குறிப்பு அப்படி நிற்பவர்களுக்கானது. வீட்டுக்குள் வைஃபை எட்டவில்லை என்பவர்களுக்கு இதில் பாதிதான் உதவும்.

கோளாறு என்றதும் எல்லோரும் நீட்டுவது ரேடியோ பக்கத்தில் தெரியும் சிக்னல் எண்ணை. இல்லையென்றால் ஸ்பீடு டெஸ்ட் படத்தை. சிக்னல் எண் காதில் எவ்வளவு சத்தம் விழுகிறது என்பதை மட்டும் சொல்லும். சொன்னது புரிந்ததா என்பதைச் சொல்லாது. ஸ்பீடு டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளப்பதால், நடுநடுவே விழும் ஓட்டைகளை மூடி மறைத்துவிடும். இணையத்தில் தரவு சிறு சிறு பொட்டலங்களாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகிறது. பாக்கெட் எந்த இடத்தில் தொலைகிறது என்று தெரியும்வரை ஒரு அமைப்பையும் மாற்றாதீர்கள், ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள்.

முதலில்: எந்தத் துண்டில் தொலைகிறது?

ஊர் முனையில் ரௌட்டர், அதிலிருந்து கேபிள், மாடியில் ரேடியோ. நடுவில் காற்று. தோட்டத்து முனையில் இன்னொரு ரேடியோ, அதிலிருந்து கேபிள், கடைசியில் உங்கள் லேப்டாப். லேப்டாப்பைக் கேபிளிலேயே இணையுங்கள். வைஃபையில் உட்கார்ந்து டிஷ்ஷைச் சோதித்தால் எந்தக் காற்றில் தொலைந்தது என்றே தெரியாது. பிறகு நான்கு சாளரங்கள் திறந்து நான்கு முகவரிகளுக்கு ஒரே நேரத்தில் பிங் (ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள்: உங்கள் பக்க ரேடியோ, எதிர்ப்பக்க ரேடியோ, ஊர் ரௌட்டர், வெளியே இணையத்தில் கூகுளின் 8.8.8.8. கால் மணி நேரமாவது ஓடட்டும். புகார் வரும் நேரத்தில் ஓட வேண்டும் என்பது முக்கியம். மாலையில் படுக்கும் இணைப்பைக் காலையில் சோதித்து என்ன பயன்?

முதல் சாளரத்திலேயே பாக்கெட் விடுபட்டால் உங்கள் பக்கக் கேபிளில் கோளாறு. முதலாவது சுத்தமாக இருந்து இரண்டாவதில் விடுபட ஆரம்பித்தால் காற்றில். மூன்றாவதிலிருந்து ஆரம்பித்தால் ஊர் முனைக் கேபிளிலோ ரௌட்டரிலோ. நான்காவதில் மட்டும் என்றால் ஏணியை இறக்கி வைத்துவிட்டுச் சேவை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். டிஷ்ஷுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சராசரியைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட வேண்டாம். எதிர் ரேடியோவுக்குச் சராசரி 3 மில்லிநொடி, அதிகபட்சம் 400 என்று காட்டினால் அது ஆரோக்கியமான இணைப்பே இல்லை. ஒரு பாக்கெட்கூடத் தொலையாமலிருந்தாலும் அப்படித்தான். ஏன் என்பது கீழே வருகிறது.

அறிகுறி: பக்கத்து ரேடியோவுக்கே பிங் விடுபடுகிறது, அல்லது ரேடியோ தானாக அணைந்து எழுகிறது

காற்றின்மேல் விழும் பழிகளில் பாதி இங்கே சேர வேண்டியது. இந்த ரேடியோக்களுக்கு மின்சாரமும் தரவும் ஒரே கேபிளில் ஏறுகின்றன. பரவலாகப் புழங்கும் 24 வோல்ட் அடாப்டர்களில், நீல ஜோடியிலும் பழுப்பு ஜோடியிலும் மின்சாரம் போகும். 100 மெகாபிட் ரேடியோ என்றால் ஆரஞ்சும் பச்சையும் தரவுக்கு. ஆகவே அறிகுறியே ஜோடியைக் காட்டிக்கொடுக்கும். ரேடியோ அணைந்து எழுந்தால் நீலம், பழுப்பு. ரேடியோ உயிரோடு இருந்து, ஈதர்நெட் வேகம் மட்டும் 100-இலிருந்து 10-க்கு இறங்கியிருந்தாலோ விட்டுவிட்டு வந்தாலோ ஆரஞ்சு, பச்சை. ரேடியோவின் நிலைப் பக்கத்தில் இந்த வேகம் எழுதியிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

இப்போது போல் அருகே போய், ரேடியோவின் அடியில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் கதவைத் திறந்து கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். எட்டு பித்தளை நிற ஊசிகளில் ஒன்றிரண்டின்மேல் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கேபிள் மேலிருந்து நேராகக் கனெக்டருக்குள் இறங்கினால், மழைநீர் அதன் வழியாகவே உள்ளே வழியும். கேபிளைக் கனெக்டருக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு மேலே வளைத்து நுழைத்தால், நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். எறும்புகளுக்கும் இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் வெதுவெதுப்பு மிகவும் பிடிக்கும். கதவு ஓரத்தை அடைத்துவிடுவது நல்லது.

அடுத்தது கேபிளின் உலோகம். மலிவுக் கேபிளில் அலுமினியக் கம்பிமேல் செம்பு முலாம்தான் இருக்கும். பார்வைக்குச் செம்புபோலவே தெரியும். கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும். நல்ல செம்புக் கேபிளில், இரண்டிரண்டு கம்பிகள் சேர்ந்து மின்சாரத்தைச் சுமக்கும்போது, 100 மீட்டருக்குப் போக வர மின்தடை சுமார் 9 ஓம். 8 வாட் இழுக்கும் ரேடியோவுக்கு 24 வோல்ட்டில் மூன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். மிச்சத்தில் ரேடியோ ஓடிவிடும். முலாம் கேபிளில் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். சும்மா இருக்கும்போது ஓடும். தரவு அதிகமாகப் போய் ரேடியோ கூடுதலாக இழுக்கும் நேரம் பார்த்து அணையும். 'வீடியோ பார்த்தால் மட்டும் கட் ஆகிறது' என்ற புகாரின் பின்னால் பலமுறை இந்தக் கேபிள்தான் நிற்கும்.

அறிகுறி: சிக்னல் வருகிறது, ஆனால் வர வேண்டிய அளவு வரவில்லை

'சிக்னல் -65 டிபிஎம் இருக்கிறதே, போதாதா?' என்பார்கள். டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து டெசிபெல்லில் ஆற்றலைச் சொல்லும் அளவு. போதுமா என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும். 3 கிலோமீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸ். தடையில்லாத வெளியில் இந்தத் தூரத்தைக் கடக்கும்போது அலை இழப்பது சுமார் 117 டெசிபெல். ரேடியோவின் வீச்சு, அதாவது அது அனுப்பும் ஆற்றல், 13 டிபிஎம் என்றும், இரு முனையிலும் 23 டெசிபெல் டிஷ் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 13-உடன் இரண்டு 23-களைக் கூட்டி 117-ஐக் கழித்தால் -58. மூன்று நான்கு டெசிபெல் கூடக்குறைய இருக்கலாம். -75 காட்டினால், கிட்டத்தட்ட 17 டெசிபெல்லை எங்கோ யாரோ தின்கிறார்கள் என்று அர்த்தம். அதாவது வர வேண்டிய ஆற்றலில் ஐம்பதில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. ரேடியோவின் வீச்சை ஏற்றி இதைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். ஆன்டெனாவோடு சேர்ந்த மொத்த வீச்சுக்கு அரசு வரம்பு உண்டு என்பது ஒரு பக்கம். ஏற்றினால் கோளாறு மறையுமே தவிரத் தீராது என்பது இன்னொரு பக்கம்.

இந்தப் பதினைந்து, இருபது டெசிபெல் இழப்புக்கு வழக்கமான காரணம், டிஷ் பக்கக் கதிரில் பூட்டப்பட்டிருப்பது. டிஷ்ஷின் முதன்மைக் கதிர் சுமார் 10 பாகை அகலம். அதன் இருபுறமும் சின்னச் சின்னப் பக்கக் கதிர்கள் உண்டு. திருப்பிக்கொண்டே வரும்போது சிக்னல் ஏறி, ஒரு உச்சம் தொட்டு, இறங்கும். அதுதான் உச்சம் என்று போல்ட்டை முறுக்கிவிடுவார்கள். அது பக்கக் கதிரின் உச்சமாக இருக்கும். சரியான முறை: போல்ட்டுகளைத் தளர்த்தி, டிஷ்ஷை இரு பக்கமும் முப்பது பாகை வரை முழுதாக ஓட்டுங்கள். மூன்று உச்சங்கள் தெரிந்தால் நடுவில் இருப்பதுதான் உங்களுடையது. அதற்குப் பிறகு மேல்கீழ்ச் சாய்வு. அதற்குப் பிறகு எதிர்முனையில் இதே வேலை. ஒரு முனையை நகர்த்தும்போது மறு முனையைத் தொடக் கூடாது. கடைசி முறுக்கலில் டிஷ் ஒரு பாகை திரும்பிவிடும் என்பதால், முறுக்கி முடித்த பிறகும் ஒருமுறை எண்ணைப் பாருங்கள்.

ரேடியோ இரண்டு சங்கிலிகளின் (ஒரே டிஷ்ஷுக்குப் போகும் இரண்டு தனித்தனி அலைத்தடங்களின்) சிக்னலைத் தனித்தனியாகக் காட்டும். ஒன்று -58, மற்றது -70 என்றால் அது திசைக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு பக்கக் குறுங்கேபிளோ கனெக்டரோ போயிருக்கும்.

இன்னொரு தின்னி, மரம். 'அங்கிருந்து பார்த்தால் டிஷ் கண்ணுக்குத் தெரிகிறது' என்பது போதாது. அலை நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் போவதில்லை; நடுவில் புடைத்த ஓர் உருளையாகப் போகிறது. ஃப்ரெனெல் மண்டலம் என்பது அதுதான். 3 கிலோமீட்டருக்கு நடுப்பாதையில் அதன் ஆரம் சுமார் 6 மீட்டர். அதில் அறுபது சதவீதம், அதாவது மூன்றே முக்கால் மீட்டர், காலியாக இருந்தாக வேண்டும். டிஷ் மாட்டியபோது இடுப்பளவு இருந்த தென்னங்கன்று சில ஆண்டுகளில் அந்த உருளைக்குள் தலையை நீட்டும். அப்போது சிக்னல் ஒரே நாளில் விழாது, மாதக்கணக்கில் மெல்லச் சரியும். போன வருட எண்ணை எழுதி வைக்காதவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது.

அறிகுறி: சிக்னல் பிரமாதம், ஸ்பீடு டெஸ்டும் பரவாயில்லை, ஆனால் பக்கம் திறக்கத் திணறுகிறது, கோப்பு இறங்காமல் நின்று நின்று போகிறது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

இணையத்தில் தரவைச் சேதமில்லாமல் கொண்டுசேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது டிசிபி நெறிமுறை. 1986 அக்டோபரில், அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலேயே இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில் நொடிக்கு 32 கிலோபிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு, வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. நெரிசல்தான் காரணம். தொலைந்ததை எல்லாக் கணினிகளும் திரும்பத் திரும்ப அனுப்பி, நெரிசலை மேலும் நெரித்துவிட்டன. கணினி அறிவியலாளர் வேன் ஜேக்கப்சன் 1988-இல் அதற்கு வெளியிட்ட மருந்து இது: பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு சட்டென வேகத்தைக் குறைக்க வேண்டும், பிறகு மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். இணையம் இன்று நிற்பதற்கு அந்த மருந்து ஒரு முக்கியக் காரணம். ஆனால் அது கம்பிக்கு எழுதிய மருந்து. காற்றில் பாக்கெட் தொலைய நெரிசல் வேண்டியதில்லை. ஆடும் ஓர் ஓலை போதும். டிசிபிக்கு அது தெரியாது. ஓலை ஆடியதற்கும் நெரிசலுக்கும் ஒரே தண்டனையைத் தனக்குக் கொடுத்துக்கொண்டு ஒடுங்கிவிடும்.

எவ்வளவு ஒடுங்கும் என்பதற்கு 1997-இல் மாத்திஸும் சகாக்களும் தந்த ஒரு சூத்திரம் இருக்கிறது. வேகம், இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகப் போகும். போய்வர 40 மில்லிநொடி ஆகும் ஒரு சர்வரிலிருந்து, வழக்கமான 1460 பைட் பாக்கெட்டுகளாகக் கோப்பு இறங்குகிறது என்று வையுங்கள். பத்தாயிரத்தில் ஒன்று தொலைந்தால் ஓர் இணைப்புக்கு நொடிக்குச் சுமார் 35 மெகாபிட் கிடைக்கும். நூற்றில் ஒன்று தொலைந்தால் 3.5 மெகாபிட்தான். காற்று 100 மெகாபிட் சுமக்கத் தயாராக இருந்தாலும் இவ்வளவுதான். 'நூற்றில் ஒன்றுதானே' என்று பிங் முடிவைப் பார்த்துத் தோள் குலுக்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். இது பழைய வகை டிசிபிக்கான கணக்கு. கூகுள் 2016-இல் வெளியிட்ட பிபிஆர் போன்ற புதியவை ஒற்றை இழப்புக்கு அவ்வளவு அஞ்சுவதில்லை. ஆனால் எந்த முறையில் அனுப்புவது என்பதை அனுப்பும் சர்வர்தான் முடிவு செய்கிறது. உங்கள் கையில் இருப்பது காற்று மட்டுமே.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்துவிட்டுப் பெர்க்லிக்குப் போன ஹரி பாலகிருஷ்ணன். அவரும் சகாக்களும் 1995-இல் முன்வைத்த ஸ்னூப் முறையில், கம்பியும் காற்றும் சந்திக்கும் நிலையமே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். காற்றில் ஒன்று தொலைந்தால் தானே மறுபடி அனுப்பும். தொலைந்த செய்தி மூல சர்வரின் காதுக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளும். இன்றைய வைஃபை ரேடியோக்கள் வேறொரு வழியில் இதே காரியத்தைச் செய்கின்றன: ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எதிர்முனையின் ஒப்புதலுக்காகக் காத்திருந்து, வராவிட்டால் பலமுறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். ஆகவே காற்றின் இழப்பு முதலில் தாமதமாகத்தான் வெளிப்படும். மேலே சொன்ன 400 மில்லிநொடி உச்சம் அதுதான். அதையும் மீறிப் பிங்கில் ஒரு பாக்கெட் காணாமல் போகிறது என்றால், பலமுறை முயன்றும் போய்ச் சேராத பாக்கெட் அது. அப்படிப் பார்த்தால் ஒரு சதவீதம் என்பது சின்ன எண்ணே இல்லை.

செய்ய வேண்டியது, மேலோட்டமாகப் பார்த்தால் தலைகீழானது: இணைப்பின் வேகத்தைக் குறையுங்கள். சேனல் (ரேடியோ பேசும் அலைவரிசைத் துண்டு) அகலம் 80 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் 40-க்கும், தேவைப்பட்டால் 20-க்கும் இறக்குங்கள். ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் இரைச்சல் 3 டெசிபெல் குறையும். சுற்றியிருக்கும் மற்ற ரேடியோக்களோடு மோதும் பரப்பும் சுருங்கும். அடுத்து, வேகப் படிகளில் உச்சத்தில் இருக்கும் ஒன்றிரண்டைத் தடை செய்யுங்கள். தானியங்கி முறை மேல்படியில் ஏறுவதும் சறுக்குவதும் மறுபடி ஏறுவதுமாக நேரத்தை வீணாக்கும். மேல்படிகளுக்குச் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையில் 30 டெசிபெல் அளவுக்கு இடைவெளி வேண்டும். கீழ்ப்படிகளுக்குப் பத்தே போதும். 300 என்று மினுக்கும் எண்ணை 150-க்கு இறக்கச் சொன்னால் உரிமையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். பிங்கின் அதிகபட்சம் 400-இலிருந்து 15-க்கு வந்ததைக் காட்டுங்கள்.

அறிகுறி: சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கிறது, யாராவது ஒரு வீடியோவை ஏற்ற ஆரம்பித்தால் வீட்டில் எல்லோருக்கும் நின்றுவிடுகிறது

பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய கோப்பை ஏற்றிப் பாருங்கள். 10 மில்லிநொடி இருந்தது 800-க்குப் போய், ஒன்றுகூடத் தொலையாமல் வந்தால் காற்று குற்றவாளி இல்லை. ரௌட்டரிலும் ரேடியோவிலும் உள்ள வரிசைதான் அளவுக்கு மீறி நீண்டுவிட்டது. பாக்கெட்டைத் தொலைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தயாரிப்பாளர்கள் பெரிய பெரிய இடையகங்களை (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகங்களை) வைக்கிறார்கள். அவற்றில் முன்னால் நிற்கும் வீடியோவுக்குப் பின்னால் உங்கள் வாட்ஸ்அப் அழைப்பும் நின்று காய்கிறது.

மருந்து, வரிசையை நிர்வகிக்கும் நிரல். கேத்லீன் நிக்கல்ஸும் அதே வேன் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறையும், அதன் வழிவந்தவையும் இப்போது ஓபன்டபிள்யூஆர்டி போன்ற ரௌட்டர் மென்பொருள்களில் இருக்கின்றன. ஆனால் வெறுமனே இயக்கினால் போதாது. இணைப்பின் மோசமான நேரத்து உண்மை வேகத்தை அளந்து, அதில் 85 சதவீதத்துக்கு வேக வரம்பு வையுங்கள். அப்போதுதான் வரிசை ரேடியோவில் சேராமல், நிரலின் கட்டுப்பாட்டில் இருக்கும் ரௌட்டரில் சேரும். இரு முனையிலும் வைக்க வேண்டும்.

அறிகுறி: பதிவிறக்கம் சரி, பதிவேற்றம் மட்டும் படுத்துக்கொள்கிறது

இரைச்சல் கேட்பவரின் காதருகே இருந்தால்தான் கெடுக்கும். தோட்டத்தில் சுற்றிலும் அமைதி. ஊர் மாடியைச் சுற்றிலும் பத்து டிஷ். தோட்டத்திலிருந்து கிளம்பும் சொல் ஊர்ச் சந்தடியில் காதில் விழுவதில்லை. நீங்களோ தோட்டத்து ரேடியோவின் பக்கத்தைத் திறந்து 'இரைச்சல் -95, அருமை' என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எதிர்முனை ரேடியோவின் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து சேனல்களை அலசுங்கள். அங்கே எது காலியோ அதுதான் இரு முனைக்கும் சேனல்.

அறிகுறி: தூரம் அதிகம், சிக்னல் வலுவாக இருக்கிறது, மறுபடி அனுப்பும் விகிதம் மட்டும் எகிறுகிறது

அமைப்புப் பக்கத்தில் தூரம் என்று ஒரு பெட்டி இருக்கும். அதைப் பாருங்கள். அலை ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஏழு மைக்ரோநொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். வைஃபை அறைக்குள் புழங்கப் பிறந்தது. ஒப்புதலுக்கு அது காத்திருக்கும் பொறுமையும் அறை அளவுக்குத்தான். ஒப்புதல் வந்துகொண்டிருக்கும்போதே பொறுமை இழந்து, ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும். உண்மைத் தூரத்தைவிடக் கொஞ்சம் கூட்டி அந்தப் பெட்டியில் போடுங்கள். ரொம்பவும் கூட்டிவிட்டால் ஒவ்வொரு தொலைதலுக்கும் வீணாகக் காத்திருக்கும்.

மிக நீண்ட இணைப்புகளுக்கு இந்தத் திருத்தமும் போதாது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் வீடியோவில் இணைக்க, கலிபோர்னியா பெர்க்லி குழு அமைத்த நெடுந்தூர வைஃபை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காது கொடுத்துக் கேட்டுப் பிறகு பேசும் வைஃபையின் வழக்கத்தையே அவர்கள் கைவிட்டு, இரு முனைக்கும் நேரத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். ஒப்புதல்களை மொத்தமாக அனுப்ப வைத்தார்கள். சாதாரண வைஃபையோடு ஒப்பிட்டால் வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியதாக 2007-இல் வெளியான அவர்களின் ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. இப்போது விற்கும் டிஷ் ரேடியோக்கள் பலவற்றில் டிடிஎம்ஏ என்ற பெயரில் இதே உத்தி இருக்கிறது. இரு முனையும் ஒரே நிறுவனத்தின் ரேடியோ என்றால் தயங்காமல் இயக்குங்கள்.

அறிகுறி: குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட பருவத்தில் மட்டும்

மழை பெய்தால் போகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் மழையைக் குறை சொல்லாதீர்கள். மணிக்கு 100 மில்லிமீட்டர் என்று கொட்டினாலும் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவுக்குத்தான் தின்னும். தண்ணீர் கனெக்டருக்குள் போகிறது, அல்லது பாதையில் இருக்கும் ஓலைகள் நனைந்து கனத்துக் குறுக்கே நிற்கின்றன. மழை விட்ட பிறகும் மணிக்கணக்கில் கோளாறு நீடித்தால் கனெக்டர்தான். 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ என்றால் கதையே வேறு: அதே மழையில் கிலோமீட்டருக்கு 30 டெசிபெல் வரை போகும். அங்கே மாற்று வழி ஒன்று வைத்துக்கொள்வதைத் தவிர வேறு மருந்தில்லை.

ஆடிக் காற்றில் போகிறது. போல் முறுகுகிறது. சிக்னல் எண்ணை நொடிக்கொருமுறை பார்த்தால் காற்றோடு சேர்ந்து ஆடும். மூன்று பக்கம் இழுகம்பி கட்டுங்கள், இரண்டு போதாது.

ஒரு நிமிடம் சுத்தமாகப் போய், தானே வருகிறது. வரும்போது சேனல் எண் மாறியிருக்கிறது. 52 முதல் 144 வரையிலான சேனல்களை ராடார்களும் பயன்படுத்துகின்றன. ராடார் போன்ற ஒன்று காதில் பட்டால் ரேடியோ அந்தச் சேனலைக் காலி செய்யும். இதே வரம்புக்குள் இன்னொரு சேனலுக்குப் போனால், அங்கே 60 நொடி சும்மா கேட்டுவிட்டுத்தான் பேசும். ரேடியோவின் பதிவேட்டில் இது எழுதப்பட்டிருக்கும். 36 முதல் 48 வரை, அல்லது 149-க்கு மேல் போய்விட்டால் தொல்லை ஓயும்.

கண்மாய் நிறைந்த பிறகு சிக்னல் ஏறி இறங்குகிறது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அசையாத நீர்ப்பரப்பு அலைக்கு நல்ல கண்ணாடி. நேராக வரும் அலையும் நீரில் பட்டு வரும் அலையும் சந்திக்கும்போது ஒன்றையொன்று கூட்டவும் செய்யும், அழிக்கவும் செய்யும். இரண்டு டிஷ்ஷும் நீர்மட்டத்திலிருந்து 12 மீட்டர் உயரம், தூரம் 3 கிலோமீட்டர் என்றால் இரு பாதைகளுக்கும் வித்தியாசம் 9.6 சென்டிமீட்டர். நீர் ஒரு மீட்டர் ஏறினால் அது 8.1 ஆகிவிடும். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே 5.2 சென்டிமீட்டர்தான். அழிக்கும் நிலையிலிருந்து முழுதாகக் கூட்டும் நிலைக்குப் போக அதில் பாதி, 2.6 சென்டிமீட்டர், வேண்டும்; இந்த ஒன்றரை சென்டிமீட்டரே அதில் பாதிக்கு மேல். ஒரு முனை டிஷ்ஷை ஒரு மீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். முடிந்தால் மாடியின் கைப்பிடிச்சுவர், கீழிருந்து வரும் அலையை மட்டும் மறைக்கும்படி டிஷ்ஷைப் பின்னால் தள்ளி வையுங்கள்.

அறிகுறி: சில தளங்கள் உடனே திறக்கின்றன, சில திறப்பதே இல்லை

சிறிய பாக்கெட் போகிறது, பெரியது வழியில் மாட்டுகிறது. ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ வகை (ரௌட்டர் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) என்றால், 1500 பைட்டில் 8 பைட்டை அது எடுத்துக்கொண்டு 1492-ஐத்தான் விடும். துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 8.8.8.8-க்கு 1472 பைட் பிங் அனுப்புங்கள். அது போகாமல் 1464 போனால் நோய் இதுதான். ஊர் ரௌட்டரில் டிசிபியின் எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவை) 1452-க்குக் கட்டிவிட்டால் தீர்ந்தது. காற்றுக்கு இதில் பங்கே இல்லை.

அறிகுறி: நேரம் காலமில்லாமல் முழு இணைப்பும் போய், சில நிமிடத்தில் வருகிறது

ரேடியோவின் பக்கத்தில் 'இயங்கும் நேரம்' பாருங்கள். இன்று காலைதான் எழுந்தது என்று காட்டினால், நேற்று இரவோ இன்று விடியலிலோ மின்சாரம் அதைத் தட்டியிருக்கிறது. தோட்டத்தில் மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றியுள்ள மோட்டார்கள் எல்லாம் தானாகக் கிளம்பும். மின்னழுத்தம் ஒரு நொடி தொய்ந்து நிமிரும். விளக்கு மங்கி எரிவதற்குள் ரேடியோ அணைந்துவிடும். அது மறுபடி எழுந்து, எதிர்முனையைத் தேடிப் பிடிக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அரவிந்த் இணைப்பையும் தர்மசாலாவின் ஏர்ஜல்தி என்ற நெடுந்தூர வைஃபை வலையமைப்பையும் சில ஆண்டுகள் நடத்திப் பார்த்த பிறகு 2008-இல் அந்த ஆய்வாளர்கள் எழுதியதும் இதைத்தான்: அலையைவிட அதிகமாகப் படுத்தியது தரமற்ற மின்சாரம். கிராமத்து இணைப்புக்கு டிஷ் வாங்கும் செலவில் கால் பங்கையாவது மின்சாரத்துக்கு ஒதுக்கத் தயங்குபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

அடாப்டருக்கு முன்னால் சிறிய யுபிஎஸ் போடுங்கள். ரேடியோவின் மின்னழுத்தத்துக்கு ஏற்ற டிசி யுபிஎஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. போலுக்கும் அடாப்டருக்கும் ஒரே எர்த் இருக்கட்டும். மின்னலுக்குப் பிறகு ரேடியோ உயிரோடு இருந்து, ஈதர்நெட் மட்டும் செத்திருந்தால் அந்த முனையில் எர்த் ஒழுங்காக இல்லை. ரேடியோவை மட்டும் மாற்றினால் அடுத்த இடியில் அதுவும் போகும்.

எதிலும் சேராதது

இரு முனையிலும் ஒரே மாதிரி ரேடியோ இருந்தால், அமைப்புகளைச் சேமித்துக்கொண்டு ரேடியோக்களை இடம் மாற்றி மாட்டுங்கள். கேபிளும் அடாப்டரும் அங்கங்கே இருந்தபடியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் குணமானாலும் எதனால் குணமானது என்று தெரியாது. கோளாறு ரேடியோவோடு கூடவே நகர்ந்துவிட்டால் உத்தரவாதச் சீட்டைத் தேடுங்கள். பழைய இடத்திலேயே தங்கிவிட்டால் ரேடியோவை மறந்துவிட்டு, அந்த முனையின் கேபிளை முதலில் மாற்றுங்கள், அடுத்து அடாப்டரை, கடைசியாக டிஷ் நிற்கும் இடத்தை.